பீச்சாங்கைக் கவ்வாத்து

என் அஞ்சலைக்கு,

எங்கே இருந்தாலும் கையிலிருக்கிற வேலையைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் உட்கார். உனக்குச் சொல்ல வேண்டிய சேதி ஒன்று பாக்கி இருக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க, நீ கேட்டாயே: "காம்பரா போயிருமாங்க?" என்று. "போகாது புள்ள, நீ பேசாம படு" என்று அதட்டினேன். அதட்டினேனே தவிர, அந்த லயத்து அறை போகுமா இருக்குமா என்று அப்போது எனக்கே தெரியாது. இன்றைக்குத் தெரியும்.

ஆனால் எடுத்த எடுப்பில் சொல்ல மாட்டேன். நான் எந்தக் கதையைத் தொடங்கினாலும் "முடிவச் சொல்லுங்க, அடுப்புல சோறு கொதிக்குது" என்று அவசரப்படுத்துகிறவள் நீ. இந்த ஒரு தடவை முழுசாகக் கேள்.

இது நாலு பேர் படிக்கப் போகிற கடிதம். நம் பள்ளிக்கூடத்து வாத்தியார் பத்திரிகைக்கு அனுப்பித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஆகவே உனக்குத் தெரிந்ததையும் சில இடத்தில் விளக்கிச் சொல்லுவேன், முகத்தைச் சுளிக்காதே. படிக்கிறவர்களே, நான் மாரிமுத்து. இலங்கை மலைநாட்டில், லிந்துலைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கவ்வாத்துக்காரன். தேயிலைச் செடியைச் சும்மா விட்டால் மரமாகிவிடும். சில வருஷத்துக்கு ஒரு தடவை அதை முட்டளவுக்கு வெட்டி இறக்க வேண்டும். அதுதான் கவ்வாத்து. வளைந்த கத்தி, ஒரு வீச்சுக்கு ஒரு கிளை, வெட்டு சாய்வாகவும் வழவழப்பாகவும் இருக்க வேண்டும். கிளை பிளந்துபோனால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கிச் செடியே அழுகிவிடும். இந்த வேலையில் என்னை மிஞ்ச இந்த மலையில் ஆள் கிடையாது. இதை நான் சொல்லவில்லை, ஊர் சொன்னது. சரி, நானும் சொன்னேன். நீ சிரிப்பது எனக்குத் தெரிகிறது.

அந்தப் பெருமையெல்லாம் ஒரு பாசி பிடித்த கானில் போய் விழுந்தது. குறுக்கு வழியாக இறங்கினேன், மழைத்தண்ணீர் ஓடுகிற அந்தக் கானில் கால் வழுக்கியது, வலது முழங்கை கல்லில் மோதி முறிந்தது. எலும்பு கூடிவிட்டது. முழங்கைதான் பாதி மடங்கினபடியே நின்றுவிட்டது, நீளவும் இல்லை, மடங்கவும் இல்லை. சோறு அள்ளலாம், பேனா பிடிக்கலாம், சட்டைப் பொத்தான் போடலாம். கத்தி வீச முடியாது.

நான் விட்டேனா? பலம் எல்லாம் புஜத்தில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்த ஆள் அல்லவா நான்! முழங்கை போனால் என்ன, தோள் இருக்கிறதே என்று தோளைத் தூக்கித் தூக்கிப் போட்டேன். கிளைகள் பிளந்தன. தோள் வீங்கியது. மூன்றாம் செடியிலேயே கவ்வாத்துக் கங்காணி ராக்கப்பன் கத்தியை வாங்கி வைத்துவிட்டு, "ஒனக்குப் புல்லுவெட்டு எழுதிருக்கேன்" என்றார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. வீச்சு புஜத்தில் தொடங்குவதே இல்லை. குதிகாலை ஊன்றும்போது தொடங்குகிறது. குதிகால் முழங்காலுக்குக் கொடுக்கிறது, முழங்கால் இடுப்புக்கு, இடுப்பு முதுகுக்கு, முதுகு தோளுக்கு, தோள் முழங்கைக்கு, முழங்கை மணிக்கட்டுக்கு. மேல்லயத்துக் கூரையில் தீப்பிடித்த அன்றைக்குத் தண்ணீர் கொட்டுகிற பீலியடியிலிருந்து வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றினோமே, அந்த மாதிரி. நடுவில் ஒருத்தன் வாளியை வாங்காமல் முழித்துக்கொண்டு நின்றால் தண்ணீர் தீக்குப் போய்ச் சேருமா? என் முழங்கை அந்த முழிக்கிற ஆள்.

அந்த நாளில் காம்பரா நம் கையில் இருந்ததற்கு நான் காரணம் இல்லை, நீதான். ஓட்டும் இல்லை, நாட்டுரிமையும் இல்லை என்று நமக்குச் சட்டம் போட்ட பிறகு, நம்முடையது என்று சொல்லிக்கொள்ள லயத்து வரிசை வீட்டில் காம்பரா என்கிற அந்த ஒற்றை அறையும் முன்னால் உள்ள இஸ்தோப்புத் திண்ணையும்தான் மிச்சம். அதுவும் வேலையில் பேர் இருக்கிற வரைக்கும்தான். புல்லுவெட்டுக்காரன் பேர் இன்றைக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது. கொழுந்து மலையில் உன் பேர் நிலையாக நின்றது, அதனால் கதவைத் தட்ட ஒருவரும் வரவில்லை. அது எனக்கு உறுத்தியது. சாப்பாட்டில் குற்றம், துணியில் குற்றம், கோழி கூவினால் குற்றம்.

ஒரு நாள் நீ கவ்வாத்தில் விழுந்த குச்சியை, அடுப்புக்கான மிலாறை, ஒடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்.

"ஏங்க, இன்னொரு கை சும்மாதான தொங்குது?"

"என்னாது?"

"பீச்சாங்கைய சொல்றேன்."

"அடியே, பீச்சாங்கையால கவ்வாத்தா? கவ்வாத்துச் சாமி கண்ணக் குத்திப்புடும்!"

"நான் பொறந்ததுலேருந்து எனக்கு அந்தக் கைதான். எங்கண்ண எந்தச் சாமி குத்துச்சு?"

உண்மையாகவே எனக்கு அது மறந்துபோயிருந்தது. சின்ன வயதில் உன் அம்மா உன் இடது கையில் கந்தல் சுற்றிக் கட்டிப்போட்டதை நீ சொல்லியிருக்கிறாய். சோறு தின்னவும் குழம்பு ஊற்றவும் வலது கைக்கு உன்னைப் பழக்கிவிட்டார்கள். கொழுந்து எடுக்கும்போது மட்டும் ஒருவரும் தடுக்கவில்லை, ஏனென்றால் அதற்கு இரண்டு கையும் வேண்டும். மற்றப் பெண்களுக்கு ஒரு கை ஓடும், ஒரு கை அதன் பின்னால் தட்டுத்தடுமாறி வரும். உனக்கு இரண்டும் சரிக்குச் சரி ஓடின. உன் கூடை முதலில் நிறைந்ததைப் பார்த்து 'கைராசிக்காரி' என்றார்கள். எந்தக் கையின் ராசி என்று யாராவது கேட்டார்களா?

அன்று சாயங்காலமே தொடங்கிவிட்டாய். லயத்துக்குப் பின்னால் வாழைத்தண்டைப் போட்டு, அதில் மிலாறுக் குச்சிகளைச் செடி மாதிரி குத்திவைத்தாய். உன் அண்ணன் கருப்பையாவை அழைத்து வந்து எனக்கு எதிரே நிறுத்தினாய். அவனும் நம் கவ்வாத்துக் கூட்டத்து ஆள்தான், நல்ல வலக்கைக்காரன்.

"பக்கத்துல நின்னு காட்டவா தங்கச்சி?" என்றான் அவன்.

"வேணாம்ண்ணே. பக்கத்துல நின்னா இவுங்க புத்தி சோத்தாங்கைக்கே ஓடும். எதுக்க நில்லு. நீ சோத்தாங்கைய ஓங்குனா இவுங்களுக்கு அது பீச்சாங்கைப் பக்கம் தெரியும். அப்புடியே பாத்துப் போட வேண்டியதுதான். நான் கோலம் போடக் கத்துக்கிட்டது அப்புடித்தான், எங்கம்மாவுக்கு எதுக்க ஒக்காந்து."

"என்னயக் கண்ணாடியாக்கிட்டாளே மாப்ள!" என்று கருப்பையா சிரித்தான். ஆனாலும் நின்றான்.

முதல் நாள்களை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. உச்சி முதல் உள்ளங்கால் வரைக்கும் கட்டைபோல விறைத்துக்கொண்டு நின்றேன். கத்தி கையில், ஆனால் கழுத்து இறுகியது, கால்விரல் மண்ணைப் பிடித்தது, மூச்சுக்கூட நின்றது. "பல்லக் கடிக்காதீங்க, பல்லா வெட்டப் போகுது?" என்று நீ அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாய். போகப்போகத்தான் இறுக்கம் ஒவ்வொன்றாகக் கழன்றது. முதலில் மூச்சு வந்தது, அப்புறம் தோள் இறங்கியது, அதற்கு வெகுநாள் கழித்து இடுப்பு திரும்பியது. மணிக்கட்டுதான் கடைசியாக விட்டுக்கொடுத்தது. வேலை பழகுவது என்றால் புதிதாக எதையோ சேர்த்துக்கொள்வது என்று நினைத்திருந்தேன். எனக்கு நடந்ததில் பாதி, வேண்டாத முறுக்கை விட்டதுதான்.

சரிவில் நிற்பதற்கும் நீதான் வழி சொன்னாய். நிறைந்த கூடையைத் தலைக்கயிற்றில் தொங்கவிட்டு, முழங்காலைத் தளர்த்தி, உடம்பை முன்னால் சாய்த்து, பாரத்தைப் பாதத்துக்கு நேரே கொண்டுவந்து நடக்கிறவள் நீ. "நிமுந்து நின்னா மல ஒங்களத் தள்ளிவிடும். குனிஞ்சு ஒக்காருற மாதிரி நில்லுங்க, அப்ப ஒண்ணும் பண்ணாது" என்றாய். கால் மாற்றி வைக்கவும் பழக வேண்டியிருந்தது. கை மாறினால் ஊன்றுகிற காலும் மாற வேண்டும் என்பது எனக்கு உறைக்கவே பல நாள் ஆனது. அதுவரைக்கும் கத்தி ஒரு பக்கம் போனது, உடம்பு ஒரு பக்கம் போனது, கருப்பையா இரண்டையும் பார்த்துச் சிரித்தான்.

ஒரு அதிசயம் சொல்கிறேன். என் இடது கை ஒன்றும் தெரியாத மண்ணாங்கட்டி இல்லை. எந்தக் கிளையை முதலில் எடுப்பது, எவ்வளவு சாய்ப்பது, எப்போது ஓங்குவது, இதெல்லாம் அதற்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. இத்தனை வருஷம் வலது கை படித்த பாடத்தில் பாதியை இதுவும் படித்துவைத்திருந்தது. வாய்ப்புத்தான் கிடைக்கவில்லை. இல்லாவிட்டால் என் வயதில் ஒருத்தன் அடியிலிருந்து தொடங்கி அந்த வேகத்தில் தேறியிருப்பானா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் எப்போதும் என் கையையே பார்த்துக்கொண்டு வெட்டினேன். முழங்கை சரியாக வருகிறதா, மணிக்கட்டு திரும்புகிறதா என்று பார்த்துப் பார்த்து வெட்டினேன். பார்க்கப் பார்க்கக் கோணிக்கொண்டு போனது. நீ வந்து என் தாடையைப் பிடித்துத் திருப்பினாய். "கையப் பாக்காதீங்க. குச்சியப் பாருங்க. கொழுந்தப் பாத்தாத்தான் விரலு தானாப் போவும். விரலப் பாத்தா ஒரு கொழுந்தும் வராது." அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் பாதி வழி திறந்தது.

நன்றாக வருகிறது என்று நான் வெறிபிடித்த மாதிரி வெட்டிக்கொண்டே போனால் நீ விட மாட்டாய். "போதும், கத்திய வைங்க. மாவுகூட ஆட்டுன ஒடனே புளிக்குமா?" என்பாய். எரிச்சலோடு வைப்பேன். ஆனால் சாயங்காலம் வராத வீச்சு மறுநாள் காலையில் கூப்பிடாமலே வந்து நிற்கும். அதற்கு என்ன காரணம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமா, இல்லை அடுப்படிக்கு விறகு மிஞ்ச வேண்டும் என்றுதான் சொன்னாயா?

அப்புறம் ஒரு இடத்தில் வந்து மாட்டிக்கொண்டோமே, அந்தக் கதை. எல்லாம் சரியாகிவிட்டது. கால் சரி, இடுப்பு சரி, மணிக்கட்டு சரி. ஆனாலும் குச்சி பிளந்தது. நீ முதுகைக் காட்டிக்கொண்டு ரொட்டி தட்டுவாய், சத்தத்தை மட்டும் கேட்டுச் சொல்லுவாய்: "இது பொளந்துருச்சு. இதுவும். இதுவுந்தான்." எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "இந்தக் கை ஒதவாத கை" என்று கத்தியை எறிந்துவிட்டு இஸ்தோப்பில் போய் உட்கார்ந்தேன்.

கவ்வாத்துக் கத்தியைப் பெண்கள் தொடுவதில்லை என்று நம் லயத்தில் ஒரு வழக்கம். சாமிக்கு முன்னால் வைக்கிற கத்தி, பெண் தொட்டால் கூர் மழுங்கும் என்பார்கள். அவனவன் கத்தியை அவனவன்தான் தீட்டுவான், அடுத்தவனுக்குக்கூடக் கொடுக்க மாட்டான். நீ அதைக் குனிந்து எடுத்தாய். நான் "ஏய், ஏய்!" என்று எழுந்து வருவதற்குள் கட்டைவிரலால் இரண்டு பக்கமும் தடவிப் பார்த்துவிட்டாய். இடது கைக்கு மாற்றிப் பிடித்து ஒரு குச்சியில் மெதுவாக அழுத்தினாய். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தாய்.

"ஏங்க, ஒங்க கை ஒங்ககிட்ட வந்துருச்சு. இந்தக் கத்தி இன்னமும் சோத்தாங்கைக்குத்தான் வாக்கப்பட்டிருக்கு."

எனக்குப் புரியவில்லை. நீ தீட்டுக்கல்லை எடுத்து என் முன்னால் வைத்தாய். அப்போதுதான் உறைத்தது. நான் எந்தக் காலத்திலும் ஒரு பக்கத்தையே அதிகமாகத் தேய்த்துத் தீட்டுகிறவன். வலது கை வீச்சுக்கு அந்தச் சரிவு மரத்தில் வழுக்கிக்கொண்டு போகும். இடது கைக்கு வந்தால் சரிவு எதிர்ப்பக்கம் ஆகிவிடுகிறது, கூர் மரத்துக்குள் கடித்துக்கொண்டு இறங்கிக் கிளையைப் பிளக்கிறது. கையை மாற்றினேன், காலை மாற்றினேன், கத்தியைத் தீட்டும்போது மட்டும் பழைய மாரிமுத்துவாகவே உட்கார்ந்து தீட்டியிருக்கிறேன்! வேறு ஒருத்தர் கையில் அந்தக் கத்தி போயிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். நம் வழக்கம் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"பொம்பள தொட்டா மழுங்கும்னு சொன்னீங்களே, மழுங்கிருச்சா?" என்று கேட்டுவிட்டு நீ அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாய். நான் உட்கார்ந்து மறுபக்கத்தைத் தேய்த்தேன். மறுநாள் வெட்டியதில் வந்த சத்தம் உனக்கு நினைவிருக்கிறதா? 'சக்'. அவ்வளவுதான். நீ ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே "ம்" என்றாய். வாய் நிறையப் புகழ்ந்தால்கூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது.

அதற்குப் பிறகுதான் ஆடி மழை பிடித்தது. உனக்கு நெஞ்சுச் சளி என்றார்கள், காய்ச்சல் என்றார்கள், நுவரெலியாவுக்குக் கொண்டுபோனோம். மருந்து கொடுத்தார்கள், பார்த்தார்கள், ஒருவரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நீ கேட்ட கேள்விக்கு நான் அதட்டிய பதிலோடு எல்லாம் முடிந்துவிட்டது. எனக்கு நீ வேண்டும் புள்ள. இதற்கு மேல் இதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் கணக்கப்பிள்ளை வந்தார். வாசலில் நின்றே பேசினார், அவருக்கும் சொல்ல மனமில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "மாரிமுத்து, அஞ்சல பேரு வெட்டியாச்சு. காம்பராவுக்குப் பேரு வேணும்னு தொர கேக்குறாரு. புல்லுவெட்டுப் பேரு செல்லாதுங்கிறாரு. மழ விட்டதும் கவ்வாத்து தொடங்குது. அதுல நின்னீன்னா காம்பரா ஒனக்கு. இல்லாட்டி, வேற தோட்டத்துல யாராச்சும் இருந்தா சொல்லி வச்சுக்க." நம் மகள் செல்லம் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போனதும் "பள்ளிக்கூடம் மாறணுமாப்பா?" என்று கேட்டாள். நான் கத்தியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன்.

அடுப்படியில் நீ இல்லாமல் வெட்டுவது பெரிய பாடாக இருந்தது. வெட்டிவிட்டு நிற்பேன், சத்தம் சரியா தப்பா என்று சொல்ல ஆள் இருக்காது. வேறு வழியில்லாமல் நானே காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். கேட்டுக் கேட்டு, குச்சியைக் குனிந்து பார்ப்பதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிய ஆரம்பித்தது. கருப்பையா வாழைத்தண்டோடு விடவில்லை. கானோரத்துக் கொய்யா, பள்ளத்தில் கிடக்கும் காட்டுச்செடி, பாறை இடுக்கில் தனியாக முளைத்த கிழட்டுத் தேயிலை என்று இடம் மாற்றி மாற்றி என்னை வெட்டவைத்தான். "ஒரே எடத்துல வெட்டிப் பழகுனா அந்த எடத்துலதான் வரும் மாப்ள, மலையில எல்லாச் செடியும் ஒன் வாழத்தண்டு மாதிரியா நிக்கப் போவுது?" என்றான். தங்கையைப் பறிகொடுத்தவன் அவன். ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை.

மழை விட்டது. கவ்வாத்துச் சாமிக்குத் தேங்காய் உடைத்து, கத்திகளை வரிசையாக வைத்துக் கும்பிட்டோம். நான் இடது கையால் கத்தியை எடுத்ததும் இரண்டு பேர் முகம் கோணியது. ராக்கப்பன் கங்காணி ஆளுக்கொரு நிரையாகச் செடி வரிசைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் நேரே என் பழைய இடத்துக்குப் போனேன். நடு நிரை, கூட்டத்துக்கே தலைமையான இடம், அது எப்போதும் என்னுடையது.

"அங்க வேணாம், கடைசி நெரைக்குப் போ" என்றார் கங்காணி.

கடைசி நிரை என்றால் புது ஆள்களை விடுகிற இடம். எனக்கு ரத்தம் கொதித்தது. "கங்காணியாரே, கைதான் மாறியிருக்கு, ஆளு மாறல!" என்றேன்.

"ஆளு மாறலடா. கத்தி ஓங்குற பக்கம் மாறியிருக்கே! நீ நடுவுல நின்னா ஒன் எடப்பக்கத்து ஆளு காது எங்க போவும்?"

உடனே விளங்கிவிட்டது. வலக்கைக்காரன் ஓங்கினால் கத்தி வலப்பக்கம் விரியும். எல்லோரும் வலக்கை என்றால் எல்லாக் கத்தியும் ஒரே பக்கம் விரியும், ஒன்றோடொன்று மோதாது. நடுவில் ஒரு இடக்கை நின்றால் அவன் கத்தியும் இடப்பக்கத்து ஆளின் கத்தியும் ஒரே சந்தில் விரியும். இடது ஓரத்துக் கடைசி நிரையில் நின்றால் என் பக்கம் ஆள் கிடையாது, கான்தான் இருக்கிறது. மரியாதைக் குறைவு இல்லை, கணக்கு. இருந்தாலும் தலையை நிமிர்த்திக்கொண்டுதான் போனேன். அடுத்த நிரையில் கருப்பையா தானாகவே வந்து நின்றுகொண்டான்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று பின்னால் சப்பாத்துச் சத்தம். தொரை வந்து நிற்கிறார், பக்கத்தில் கணக்கப்பிள்ளை. அவ்வளவுதான், எனக்கு எல்லாம் மறந்துபோனது. தோள் காதுக்கு ஏறியது. மூச்சு நின்றது. கண் கைக்குப் போனது. ஓங்கிப் போட்டேன். கிளை நீளமாகப் பிளந்து தொங்கியது. தொரை நாக்கைச் சப்புக்கொட்டியது என் காதில் விழுந்தது. செல்லத்தின் பள்ளிக்கூடமும், இஸ்தோப்பும், உன் அடுப்பும், எல்லாமும் அந்தப் பிளவில் தொங்குகிற மாதிரி இருந்தது.

கருப்பையா தலையைத் திருப்பாமலே முணுமுணுத்தான். "மாப்ள, எதப் பாத்து வெட்டுற?"

அட, ஆமாம்! எதைப் பார்த்து வெட்டுகிறேன்? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அஞ்சலை. தொரைக்கு முன்னால், வாழ்வா சாவா என்கிற இடத்தில், வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்ததும் தோள் இறங்கியது. பிளவுக்குக் கீழே மறுபடி வெட்டிச் சரி செய்தேன். அடுத்த கிளையைப் பார்த்தேன். கிளையை மட்டும் பார்த்தேன். குதிகாலை ஊன்றினேன், மிச்சத்தை உடம்பு பார்த்துக்கொண்டது. அடுத்தது. அதற்கடுத்தது. செடி முடிந்து அடுத்த செடிக்குப் போனேன், தொரை இருக்கிறாரா போய்விட்டாரா என்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் குனிந்து ஒரு வெட்டைக் கட்டைவிரலால் தடவினார். இன்னொன்றையும் தடவினார். பின்னால் வெட்டி வந்த செடிகளையும் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு கணக்கப்பிள்ளையிடம் அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "நல்ல வெட்டு. பேர் போடு."

பேர் போட்டாயிற்று புள்ள. காம்பரா நமக்குத்தான்.

அன்று மலை இறங்கியதும் நான் நடக்கவில்லை, ஓடினேன். கருப்பையா பின்னால் கத்தினான், காதில் வாங்கவில்லை. லயத்து மூலை திரும்பியதும், நம் வாசல் கண்ணில் பட்டதும், தொண்டை கிழியக் கத்தினேன்: "ஏ அஞ்சல! காம்பரா நமக்குத்தான்டி! எங்க இருக்க, வெளிய வா!"

கூப்பிட்டு முடித்த பிறகுதான் எனக்கே கேட்டது. லயம் முழுக்கக் கேட்டிருக்கிறது. பீலியடியில் குடம் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். கத்தியைப் பிடித்துக்கொண்டு நடுமுற்றத்தில் நின்றேன், எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

கதவைத் திறந்துகொண்டு செல்லம் வந்தாள். கையெல்லாம் மாவு. நேரே வந்து என் இடது கையிலிருந்த கத்தியை வாங்கிக்கொண்டாள்.

"கேட்டுச்சுப்பா. வாங்க, ரொட்டி ஆறிப்போவுது" என்றாள்.

நாளைக்கு ஆற்றோரத்து மலையில் கவ்வாத்து. நாளைக்கும் இறங்கி வந்ததும் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் வாசலில் கால் வைப்பேன். லயத்தார் என்ன நினைத்தாலும் சரி. கையைப் பழக்கினேன், காலைப் பழக்கினேன், காதைப் பழக்கினேன். உன்னைக் கூப்பிடாமல் இருக்க மட்டும் இந்த வாயைப் பழக்க மாட்டேன். இது சத்தியம்.

உனக்குத் தாலி கட்டினவன்,
செல்லத்தின் அப்பா,
மாரிமுத்து